கல்லின் சித்திரமும் காலத்தின் இடைவெளியும்

பூகர்ப்ப சாஸ்திரம் எனப்படும் நிலவியலைப் பண்டிதர்களின் அறைகளிலிருந்து பொதுமக்களின் கண்முன் கொண்டுவந்து நிறுத்திய பெருமையில் பெரும்பங்கு, அத்துறையின் நூல்களைவிட அதன் சித்திரங்களையே சாரும். கண்ணுக்கு எட்டாத ஆழத்தையும் கருத்துக்கு எட்டாத காலத்தையும் தன் விஷயமாகக் கொண்ட ஒரு சாஸ்திரம், மலையை வகுப்பறைக்குள் கொண்டுவர இயலாமையாலும், ஒரு மலை உருவாவதைக் காத்திருந்து காண மனித ஆயுள் போதாமையாலும், தொடக்கந்தொட்டே வண்ணப் படம், குறுக்குவெட்டு வரைவு, மர மாதிரி, கல் மாதிரிப் பெட்டி, சுவர்ப்படம் ஆகிய சாதனங்களைத் துணைக்கொண்டே வளர்ந்து வந்திருக்கிறது. இச்சாதனங்கள் செய்த நன்மை அளவிறந்தது. அவற்றால் விளைந்த மயக்கமும் சிறிதன்று. இரண்டையும் ஒருங்கே வைத்துச் சீர்தூக்குவதற்குச் சித்தூர்ச் சீமையைப் போலப் பொருத்தமான நிலம் தென்னாட்டில் அரிது.

அச்சீமையிலுள்ள வெதுருகுப்பத்துச் சுற்றுப்புறம் கருங்கல் நாடு. வெயிலிலும் மழையிலும் மூலை மழுங்கி உருண்டு திரண்ட பாறைகளும், அவற்றின் இடையே ஏரிகளும் கிணறுகளுமாகக் கிடக்கும் அந்நிலத்திலிருந்து கார்வேட்டிநகரம், புத்தூர் வழியாக நகரியை நோக்கிச் செல்பவர், மலைகளின் முகத்தோற்றம் மாறிவிடுவதைத் தாமே காண்பார். அடிவாரச் சரிவு பழைய கருங்கல்லாகவே இருக்க, அதன் தலைமேல் மட்டமான பட்டைகள் படிந்த செங்குத்துச் சுவராக வேறொரு கல் எழுந்து நிற்கும். கடலில் வரும் மாலுமிகள் ஒரு காலத்தில் அடையாளமாகக் கொண்ட ‘நகரி மூக்கு’ இத்தகைய சுவர்களுள் ஒன்று. இதே ஒழுங்கு, திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் மலைப்பாதையில், சாலைக்காக வெட்டிய பாறை முகங்களில் இன்னும் தெளிவாகப் புலப்படுகிறது: கீழே ஆர்க்கியன் யுகத்துக் கருங்கல், மேலே நகரிக் குவார்ட்சைட்டு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு.

‘எபார்க்கியன்’ படிவு முறிவு என்று நிலவியலார் வழங்கும் அந்தக் கோட்டை, இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்திருக்கிறது. பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பாய் இருந்து உறைந்த கருங்கல், மேலே உயர்ந்து, தன்மேல் கிடந்த சுமையெல்லாம் அரிக்கப்பட்டு வெளிப்பட்டு, நெடுங்காலம் வெறுந்தரையாய்க் கிடந்து, பின்னர் நீர் பரவிய காலத்தில் மணலால் மூடப்பட்டது. அம்மணலே இறுகி இன்றைய குவார்ட்சைட்டாயிற்று. இடையில் கழிந்த காலத்தை 50 கோடி ஆண்டு என்பாரும் உளர். 80 கோடி என்பாரும் உளர். எந்தக் கணக்கைக் கொண்டாலும், அத்தனை ஆண்டுகளும் அவ்விடத்தில் எந்தப் படிவையும் மிச்சம் வைக்காமல் ஒரு கோட்டுக்குள் ஒடுங்கிவிட்டன. இல்லாத ஒன்றை எங்ஙனம் படமாக எழுதுவது என்ற கேள்வியை இம்மலை ஒவ்வொரு படம் எழுதுவோனிடமும் எழுப்புகிறது. காட்சிவழிக் கல்வியின் ஆற்றலையும் குறைபாட்டையும் அளப்பதற்கு இக்கேள்வியையே உரைகல்லாகக் கொள்ளலாம்.

இக்கேள்வியை முதன்முதலில் எதிர்கொண்ட படங்களுள் ஒன்று ஸ்காட்லாந்தில் பிறந்தது. ஜெட்பரோ என்னும் ஊரருகே ஜேம்ஸ் ஹட்டன் 1787-இல் கண்ட இத்தகைய முறிவொன்றை அவருடைய நண்பர் ஜான் கிளார்க் வரைந்தார். 1795-இல் வெளிவந்த ஹட்டனின் நூலில் அது செதுக்குப்படமாக இடம் பெற்றது. அப்படத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். மேற்புறத்தில் வேலியும் மரங்களும். அவற்றினூடே குதிரைவண்டியில் செல்வோரும் குதிரைமேல் செல்வோரும் தத்தம் காரியமாகப் போய்க்கொண்டிருக்கின்றனர். அவர்கள் காலடியில் மெல்லிய மண். அதன் கீழ் கிடைமட்டப் படிவுகள். அவற்றின் கீழ், செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் வேறு படிவுகள். கிடையும் செங்குத்தும் சந்திக்கும் கோட்டுக்கு ஓவியர் எந்த அலங்காரமும் செய்யவில்லை. ஆயினும், மேலே செல்லும் மனிதரின் அற்பக் காலத்தையும் கீழே கிடக்கும் பெருங்காலத்தையும் ஒரே தாளில் வைத்துவிட்ட அமைப்பினால், பார்ப்பவர் உள்ளம் தானாகவே அக்கோட்டில் சென்று நிற்கிறது. திருமலைப் பாதையிலும் இதே காட்சிதான் நாள்தோறும் நிகழ்கிறது. கோவிந்த நாமத்தோடு பேருந்தில் ஏறும் அடியார்கள் அக்கோட்டை ஒரு நொடியில் கடந்து செல்கின்றனர்.

ஹட்டனுக்குப் பின்வந்த அரை நூற்றாண்டு, நிலவியல் சித்திரத்தின் பொற்காலம். வில்லியம் ஸ்மித் 1815-இல் இங்கிலாந்தின் படிவுகளைக் கையால் வண்ணந்தீட்டிய ஆளுயரத்துக்கும் மிக்க பெரும்படமாக வெளியிட்டார். 1830-இல் ஹென்றி டி லா பெஷ், மேரி ஆனிங் என்ற எளிய குடும்பத்துப் பெண்மணி கண்டெடுத்த புதைபடிவங்களை ஆதாரமாகக் கொண்டு, பண்டைக் கடலில் ஓர் இக்தியோசாரஸ் மற்றொரு பிராணியின் கழுத்தைக் கடிக்கும் காட்சியை எழுதினார். அதன் அச்சுப் பிரதிகள் விற்ற பணம் வறுமையில் வாடிய அப்பெண்மணிக்கே சென்றது. தாமஸ் சாப்வித் என்னும் பொறியாளர் 1841-இல் மரத்துண்டுகளை அடுக்கிப் படிவுகளின் சாய்வையும் பிளவையும் காட்டும் மாதிரிகளைச் செய்தார். அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்டில் ஒரா ஒயிட் ஹிட்ச்காக் தம் கணவரின் வகுப்புக்காகத் துணியில் பெரும்படங்கள் தீட்டினார். 1854-இல் லண்டன் பளிங்கு மாளிகைத் தோட்டத்தில் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் அமைத்த பேருருவச் சிலைகளால், பண்டை உயிர்கள் பாமரர் பேச்சிலும் புகுந்தன.

நம் நாட்டிலும் அக்கல்வியின் அடித்தளம் ஏறக்குறைய அதே காலத்தில் இடப்பட்டது. தாமஸ் ஓல்டாம் பொறுப்பேற்று இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தொடங்கிய 1851-ஆம் ஆண்டிலேதான் சென்னை அருங்காட்சியகமும் தோன்றியது. சென்னை இலக்கியச் சங்கம் கொடையளித்த 1,100 நிலவியல் மாதிரிகளே, எட்வர்டு பால்ஃபர் பொறுப்பில் வளர்ந்த அந்நிலையத்தின் முதற்செல்வம். பிற்காலத்தில் சிற்பங்களுக்கும் செப்புத்திருமேனிகளுக்கும் உலகப்புகழ் பெற்ற எழும்பூர்க் காட்சிச்சாலை கற்களின் காட்சிச்சாலையாகவே பிறந்தது என்பதை இன்று அதைப் பார்க்கச் செல்வோருள் பலர் அறியார். வில்லியம் கிங், கடப்பை கர்னூல் படிவுகளைப் பற்றிய தம் பேராய்வை 1872-இல் வெளியிட்டபோது நகரி மலைகளும் திருப்பதி மலைகளும் சாஸ்திரத்தில் இடம் பெற்றன. மெட்லிகாட்டும் பிளான்ஃபர்டும் 1879-இல் எழுதிய கையேடும், 1919-இல் டி. என். வாடியா எழுதிய நூலும், 1943-இல் தஞ்சைத் தமிழரான எம். எஸ். கிருஷ்ணன் எழுதிய நூலும் இந்நாட்டு நிலவியல் மாணவர் தலைமுறைகளுக்குக் கண்ணாக விளங்கின. தமிழில், பெரியசாமித் தூரன் பதிப்பாசிரியராயிருந்து 1954 முதல் வெளிவந்த கலைக்களஞ்சியமும், பின்னர் வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியமும் விஞ்ஞான விஷயங்களைப் படங்களோடு விளக்கும் வழக்கத்தை நம் வீடுகளுக்குக் கொண்டுவந்தன.

இம்மரபின் நன்மைகளை முதலில் மனமாரச் சொல்லியாக வேண்டும். தலையாயது, குறுக்குவெட்டுப் படம் மனிதனுக்குக் கற்பித்த புதிய பார்வை. நிலத்தின் மேற்பரப்பை மட்டுமே கண்டு பழகியவன், மலையைப் பிளந்து உள்ளே பார்ப்பது போன்ற ஒரு படத்தைக் கண்ட பின், சாலையோர வெட்டையும் கிணற்றுச் சுவரையும் கல்லுடைக்கும் குழியையும் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்குகிறான். கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது என்ற எளிய விதியைப் பத்துப் பக்க வசனம் விளக்குவதைக் காட்டிலும் அடுக்குப் படம் ஒன்று விரைவில் விளக்கிவிடும். மேலும், எழுத்தறிவு குன்றிய நாட்டில், மொழி கடந்து பேசும் சாதனம் படமே. தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் சித்தூர் மாவட்டத்தில், ஒரே படத்தை இரு மொழிப் பிள்ளைகளும் ஒருங்கே படிக்கலாம்.

கல் மாதிரிப் பெட்டியின் சிறப்போ தனித்தது. அறைகள் வகுத்த ஒரு மரப்பெட்டியிலிருந்து இரண்டே கற்களை எடுத்து மாணவன் கையில் கொடுத்தால் போதும். கருங்கல்லில் இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பார், சாம்பல் நிறக் குவார்ட்ஸ், நம் ஊரார் காக்காப்பொன் என்று அழைக்கும் மைக்காவின் மினுக்கம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னி நிற்பதையும், குவார்ட்சைட்டில் மணல்மணிகள் ஒரே இனமாய் இறுகிக் கிடப்பதையும், உடைத்தால் அந்த உடைவு மணிகளைச் சுற்றிச் செல்லாமல் அவற்றின் ஊடாகவே செல்வதையும் அவன் விரலும் கண்ணும் அறிந்துகொள்ளும். மேற்பரப்பில் அலைத்தடம் பதிந்த குவார்ட்சைட்டுப் பலகை ஒன்று கிடைத்துவிட்டாலோ, ஆழமற்ற நீர் அசைந்த தடத்தை அவன் உள்ளங்கையால் தடவியே உணர்வான். கடல் இன்று எட்டாத்தொலைவில் இருக்கும் ஊரில், ஒரு காலத்தில் தன் மலையே நீரடியில் கிடந்தது என்ற செய்தி அந்தத் தடவலில் பிரத்தியட்சமாகிவிடும்.

இத்தனை நன்மை பயக்கும் மரபில் குறைகள் நுழைந்தது படத்தின் பிழையாலன்று; படம் கைமாறிய முறையால். களத்தில் அலைந்து நிலவியல் படம் எழுதுவோரிடத்தில் ஓர் ஒழுக்கம் உண்டு. தாம் நேரில் கண்ட எல்லையை முழுக்கோடாகவும், மண்ணும் வயலும் மூடியிருப்பதால் இவ்விடத்தில் இருக்கக்கூடும் என்று கருதிய எல்லையை விட்டுவிட்டுச் செல்லும் கோடாகவும் அவர்கள் வரைவர். பிரத்தியட்சம் எது, அநுமானம் எது என்று பிரித்துக் காட்டும் இந்த ஒழுக்கமே நிலவியல் படத்தின் ஆன்மா. அதே படம் பாடநூலுக்கும் சுவர்ப்படத்துக்கும் சுருக்கி எழுதப்படுகையில், அழகு கருதியும் எளிமை கருதியும் விட்டுவிட்டுச் சென்ற கோடுகளெல்லாம் முழுக்கோடுகளாகிவிடுகின்றன. களத்தில் வரைந்தவர் ஐயத்தோடு எழுதியதை மாணவன் ஐயமின்றிப் பெறுகிறான். முடிவு அவனுக்குக் கிட்டுகிறது, அம்முடிவுக்கு வந்த வழி கிட்டுவதில்லை.

நம் இலக்கிய உலகத்தில் இதற்கு நேரான ஒரு நல்லொழுக்கம் உண்டு. உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, சுவடிகளில் சிதைந்துபோன இடங்களைத் தம் புலமையால் நிரப்பிவிட முற்படவில்லை. கிடைக்காத பகுதியைக் கிடைக்காத பகுதியாகவே காட்டினார். 267, 268-ஆம் பாட்டுக்கள் இல்லை என்பதை இன்றும் ஒவ்வொரு பதிப்பும் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவ்வெண்களின் வெறுமையே அந்நூலின் நம்பகத்தன்மைக்குச் சான்று. பாறையும் ஏடு தொலைந்த சுவடிதான். திருமலைக் கோட்டில் தொலைந்த ஏடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு உரியவை. ஆயின், சுவர்ப்படம் எழுதுவோரோ கருங்கல்லுக்கு ஒரு வண்ணமும் குவார்ட்சைட்டுக்கு ஒரு வண்ணமும் தீட்டி, இடையே கரிய கோடொன்றை இழுத்து, அடுத்தடுத்த இரண்டு நாட்களின் நிகழ்ச்சிபோல் அவற்றை ஒட்டிவிடுகின்றனர். இருப்பதைக் காட்டுவதில் வல்ல வண்ணம், இன்மையைக் காட்டும் இடத்தில் தோற்றுவிடுகிறது.

இரண்டாவது குறை அளவைப் பற்றியது. பூமியின் உட்பகுதியைக் காட்டும் பழகிய படத்தை எடுத்துக்கொள்வோம். மேலோடு ஒரு தடித்த பட்டை. அதன் கீழ் செந்தழல் நிறத்தில் கவசப்பகுதி. நடுவே மஞ்சள் நிறத்தில் உட்கரு. பூமியின் ஆரத்தை 64 சென்டிமீட்டராகக் கொண்டு உண்மை அளவில் வரைந்தால், கண்டங்களின் மேலோடு சராசரியாக மூன்றரை மில்லிமீட்டர் அளவே வரும். மனிதன் தோண்டிய மிக ஆழமான துளையான ரஷ்யாவின் கோலாத் துளை, 12 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்தது, ஒரு மில்லிமீட்டரைச் சிறிதே தாண்டும். செந்தழல் நிறமோ இன்னும் பெரிய மயக்கத்தை விளைவிக்கிறது. கவசப்பகுதி முழுவதும் கொதிக்கும் குழம்பு என்று படித்தவரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது பெரும்பாலும் திடப்பொருளே. திரவத்தினூடே செல்ல இயலாத நிலநடுக்க அலைகள் அதனூடே சென்று வருவதே அதற்குச் சான்று. அவ்வலைகளின் வகைகளைப் பதிவுகளில் பிரித்தறிந்தவரும், 1897-ஆம் ஆண்டு அசாம் பெருநிலநடுக்கத்தை ஆராய்ந்தவரும், 1906-இல் பூமிக்கு உட்கரு உண்டென்பதற்கு ஆதாரம் காட்டியவரும், நம் நாட்டு ஆய்வுத்துறையில் பணியாற்றிய ரிச்சர்டு டிக்ஸன் ஓல்டாம். யாரும் கண்டிராத உட்கருவை அலைகளின் காலதாமதத்தைக் கொண்டு அநுமானித்த அந்த அற்புதமே மாணவன் அறிய வேண்டிய கதை. அதை விட்டுவிட்டு, வெட்டிய பழம்போல் பூமியைக் காட்டி, பாகங்களைக் குறிக்கச் சொல்லி மதிப்பெண் வழங்குவது, அறிவியலின் உயிரை விட்டு உடலைக் கொடுப்பதாகும்.

மூன்றாவது குறை நம் நிலத்துக்கே இழைக்கப்படும் அநீதி. வழக்கமான கால அட்டவணைப் படத்தில், உயிரினங்களின் சுவடு பெருகிய கடைசி 54 கோடி ஆண்டுகள் முழுத்தாளையும் நிறைத்து நிற்கும். டிரைலோபைட்டு, மீன், டைனசோர், மாமூத் யானை என்று பகுதிதோறும் சித்திரங்கள். அதற்கு முந்திய 400 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம், தாளின் அடியில் ‘பிரிகேம்பிரியன்’ என்று எழுதிய ஒரு மெல்லிய கீற்றாகக் கிடக்கும். பூமியின் வயதில் ஏறத்தாழ நூற்றுக்கு 88 பங்கை விழுங்கிவிட்ட அந்தக் கீற்றுக்குள்ளேதான் வெதுருகுப்பத்துக் கருங்கல்லும் நகரி மலையும் திருமலையும் தலக்கோனை அருவி விழும் பாறையும் அடங்கியிருக்கின்றன. ஐரோப்பியக் கடற்கரைப் படிவுகளைப் பார்த்து ஐரோப்பியர் வகுத்த படம் அங்கே பொருத்தமானதே. அதை அப்படியே இங்கே மாட்டிவைத்தால், தன் ஊர்ப் பாறைக்கு வரலாறே இல்லை என்று இங்குள்ள மாணவன் முடிவுகட்டுவதில் வியப்பென்ன? சாத்தனூரில் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்ட 18 மீட்டர்க் கல்மரமும், திருவக்கரைக் கல்மரங்களும், அரியலூர்க் கடற்படிவங்களும் கூட அப்படங்களில் இடம் பெறுவதில்லை.

படம் மிக நம்பிக்கையோடு பேசுவதால் வரும் கேட்டுக்கு, முன்னர்ச் சொன்ன லண்டன் சிலைகளே சாட்சி. இகுவானடான் என்னும் பண்டைப் பிராணியின் மூக்கின்மேல் ஹாக்கின்ஸ் வைத்த கொம்பு, உண்மையில் அப்பிராணியின் கட்டைவிரல் எலும்பு என்பது 1878-இல் பெல்ஜியத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பின்னர் உறுதியாயிற்று. சாஸ்திரம் திருந்திவிட்டது, சிலை திருந்தவில்லை. ஆயினும், அச்சிலைகள் மூட்டிய ஆர்வம் இல்லையேல் பாமரர் உள்ளத்தில் இச்சாஸ்திரத்துக்கு இவ்வளவு இடம் கிடைத்திருக்குமா என்றும் கேட்க வேண்டும். பிழையான படம் முற்றிலும் தீயதன்று. பிழைபடக்கூடியது என்ற குறிப்பை உடன்கொண்டு வராத படமே தீயது.

இக்குறைகளுக்கெல்லாம் மருந்து, படத்தை விலக்குவதில் இல்லை. படத்தையும் பாறையையும் அருகருகே வைப்பதில் இருக்கிறது. திருமலையில் கோயிலுக்கு வடக்கே சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவில், சக்கர தீர்த்தத்தை அடுத்து நிற்கும் சிலாதோரணத்தை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள அந்த இயற்கை வளைவு, குவார்ட்சைட்டுப் படிவுகளின் பிளவுகளில் காற்றும் நீரும் புகுந்து மெலிந்த பகுதிகளை அரித்தெடுத்ததால் உண்டானது. அடியார்கள் அவ்வளைவில் சங்கு சக்கர வடிவங்களைக் கண்டு வணங்குகின்றனர். அதன் முன்னே நிலவியல் ஆய்வுத்துறை அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறது. படிவுக் கோடுகளையும் பிளவுகளையும் கல்லிலேயே காண முடிகிற அவ்விடத்தில், பலகை சொல்வதைப் பாறையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் உண்டு. எழுத்து நிறைந்த பலகையோடு எளிய வரைபடம் ஒன்றும் தெலுங்கிலும் தமிழிலும் இருக்குமாயின், பக்தியோடு வந்தவர் அறிவோடும் திரும்புவர்; இரண்டுக்கும் பகையில்லை.

பள்ளிகளில் செய்யத்தக்கவை செலவில்லாதவை. நடைகூடச் சுவரில் 4 மீட்டர் 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை தீட்டி, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடி ஆண்டு என்று கணக்கிட்டால், பூமியின் வயது முழுவதும் உண்மை அளவில் வந்துவிடும். டைனசோர்கள் மறைந்தது கடைசி முனையிலிருந்து ஆறரைச் சென்டிமீட்டரில். மனித இனத்தின் மூன்று லட்சம் ஆண்டு வரலாறு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. திருமலைக் கோட்டில் மறைந்த காலமோ 50 முதல் 80 சென்டிமீட்டர் வரை. அப்பகுதியை வண்ணம் பூசாத வெறுஞ்சுவராகவே விட்டுவிட வேண்டும். ஊரில் கிணறு வெட்டிய இடத்திலும் சாலை வெட்டிய இடத்திலும் கிடைக்கும் கற்களைப் பிள்ளைகளே திரட்டி, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் எழுதி ஒட்டிய பெட்டி, விலைக்கு வாங்கும் பெட்டியினும் பயன் மிகுந்தது.

எல்லாவற்றினும் மேலான சாதனம் ஏற்கெனவே ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறது. ஆசிரியர் கரும்பலகையில் கருங்கல் திரள் ஒன்றை வரைகிறார். பின்னர் துடைப்பானை எடுத்து அதன் மேற்பகுதியை மெல்லத் துடைத்துவிடுகிறார். எஞ்சியதன் தலைமேல் மணற்படிவுகளை ஒவ்வொன்றாக வரைகிறார். துடைத்துவிட்ட பகுதி எப்படியிருந்தது என்று ஒரு மாணவன் கேட்பான். அழிந்துபோனது, ஆயினும் அழிந்தது என்பதற்குச் சான்று இந்தக் கோடு என்று ஆசிரியர் விடை சொல்வார். அச்சிட்ட சுவர்ப்படம் நூறு வண்ணங்களைக் கொண்டும் காட்ட முடியாத இன்மையை, அரிப்பை, காலத்தின் ஒழுக்கை, ஒரு சுண்ணக்கட்டியும் துடைப்பானும் மாணவன் கண்முன்னே நிகழ்த்திக் காட்டிவிடும்.

ஆகவே, காட்சிச் சாதனங்களால் நிலவியல் பரவியது என்ற வரலாற்றுத் தீர்ப்பை ஏற்றுக்கொள்வோர், பரவியது எது என்ற அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும். முடிவுகள் பரவின, முடிவு காணும் முறை அவ்வளவு பரவவில்லை. கண்டது இது, கருதியது இது, அறியாதது இது என்று மூன்றையும் வேறுபடுத்திக் காட்டும் படமே மாணவனை நிலவியலாளனாகச் சிந்திக்கப் பழக்கும். அத்தகைய படங்களை ஆந்திரமும் தமிழகமும் தத்தம் பாடநூல்களுக்காக எழுதத் தொடங்குமாயின், அவற்றுள் முதலிடம் பெற வேண்டியது திருமலைப் பாதையின் குறுக்குவெட்டே. அதை எழுத வேண்டியவர்களும், அம்மலையடியில் வாழ்ந்து அக்கற்களை நன்கறிந்த ஆசிரியர்களே.